"வீட்டை விற்றுவிட்டேன்" என்பது நோட்டீஸ் ஆகாது

தொலைபேசியில் வீட்டுக்காரர் சொன்னது மூன்றே வாக்கியம். "அம்மா, வீட்டை விற்றுவிட்டேன். வாங்குகிறவர்கள் குடிவரப் போகிறார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடுங்கள்." குரலில் கடுமை இல்லை. ஏறக்குறைய ஐந்து ஆண்டு அவர் வீட்டில் இருந்திருக்கிறோம்; ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. நானும் பழக்கத்தில் "சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த ஒரு "சரி" என்னை எவ்வளவு பாடுபடுத்தியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எதைக் கேட்டாலும், "நீங்கள்தான் அன்றே ஒப்புக்கொண்டீர்களே" என்பதே அவருடைய பதிலாக இருந்தது. இப்படி ஓர் அழைப்பு வந்தால் சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். "எழுத்தில் கொடுங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது போதும். அதைப் பணிவாகவே சொல்லலாம். சண்டைக்குப் போவதாக யாரும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று இரவு யாரும் சரியாகத் தூங்கவில்லை. மகளுக்கு இறுதித் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. மறுநாள் காலையிலேயே வேறு வீடு பார்க்கக் கிளம்பிவிட்டோம். இரண்டாவதாகப் பார்த்த வீட்டுக்கு அன்றே முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தோம். நல்ல வேளையாக என் கணவர், "முதலில் நம்முடைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போமே" என்றார். பீரோவின் அடித்தட்டில் கிடந்த பத்திரத்தை எடுத்து, வரி வரியாக, கையெழுத்துப் போட்ட நாளில்கூடப் படிக்காத அக்கறையோடு படித்தோம்.

மூன்று ஆண்டு ஒப்பந்தம், முறைப்படி பதிவு செய்தது. அதில் இன்னும் பதினான்கு மாதம் மிச்சம் இருந்தது. நாங்கள் முன்னதாகக் கிளம்ப விரும்பினால் இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். வீட்டுக்காரர் இடையில் முடித்துக்கொள்ள வேண்டுமானால், வாடகை பாக்கி இருக்க வேண்டும் அல்லது நாங்கள் நிபந்தனையை மீறியிருக்க வேண்டும். வீட்டை விற்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்தார். "அம்மா, வீட்டுக்காரர் எதை விற்க முடியும்? தன்னிடம் இருப்பதைத்தான் விற்க முடியும். இந்தப் பதினான்கு மாதம் அவரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்" என்றார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் அப்போதுதான் இறங்கியது.

இது எங்கள் பத்திரத்துக்கு மட்டுமே பொருந்தும் செய்தி அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். பழைய ரோமானியச் சட்டத்தில் இதற்கு நேர்மாறான விதி இருந்தது: வீடு கைமாறினால் வாங்கியவர் குடியிருப்பவரை வெளியேற்றலாம், குடியிருந்தவருக்கு மிஞ்சுவது பழைய உரிமையாளரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை மட்டுமே. பிற்காலத்தில் பல நாடுகள் அதைத் திருப்பிப் போட்டன. "விற்பனை வாடகையை முறிக்காது" என்பது ஜெர்மனியில் எல்லோர் வாயிலும் உள்ள சொற்றொடர். அவர்களுடைய குடிமைச் சட்டத்தின் 566-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 109-ஆம் பிரிவில், வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார் என்கிறது. சட்டம் திரும்பிய இந்தத் திசை நியாயமானது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பேரம் பேச நேரம் இருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவரிடம் அந்தப் பேரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆனால் அதே கட்டடத்தில் மாடியில் இருந்தவர்களின் கதை வேறு. ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும். எங்களைவிடப் பல ஆண்டு முன்பே வந்தவர்கள். அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. "புதுப்பித்துக்கொள்ளலாம், என்ன அவசரம்" என்று வீட்டுக்காரர் சொல்ல, இவர்களும் விட்டுவிட்டார்கள். வாடகை மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டிருந்தது. பெரியவரிடம் அவர்கள் தாளையும் காட்டினேன். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். காலம் முடிந்த பிறகும் வீட்டுக்காரர் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால் குடியிருப்பு தொடரும், ஆனால் மாத வாடகையாகத்தான் தொடரும் என்று விளக்கினார். மாத வாடகையை முடிக்க, வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ இல்லாதபோது, அதே சொத்து மாற்றச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு கேட்பது பதினைந்தே நாள் முன்னறிவிப்பு. மாநில வாடகைச் சட்டங்கள் அதற்கு மேல் பாதுகாப்பு தரலாம். ஆனால் கையில் உயிருள்ள ஒப்பந்தம் இருப்பவரின் பலம் அவர்களுக்கு இல்லை.

ஒரே கூரை, ஒரே வீட்டுக்காரர், ஒரே விற்பனை. கீழே இருந்த எங்களுக்குப் பதினான்கு மாதம். மேலே இருந்த அவர்களுக்குச் சில வாரம். வித்தியாசம் ஒரு தாளில் இருந்தது. எங்கள் பத்திரத்தைப் பதிவு செய்தபோது அந்தக் கட்டணம் வீண் என்று நான் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியச் சட்டம். பதிவு செய்யாத நீண்டகாலப் பத்திரத்தை வைத்துக்கொண்டு "எனக்கு மூன்று ஆண்டு இருக்கிறது" என்று வாதாடுவது மிகக் கடினம்.

அடுத்த வாரமே வாங்குபவரின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. "வீட்டை வாங்கியுள்ளேன், முப்பதாம் தேதிக்குள் காலி செய்யவும்." மேல் வீட்டுக்கும் அதே கடிதம். பெரியவர் முதலில் கேட்ட கேள்வி: "கிரயம் பதிவாகிவிட்டதா?" விசாரித்தால் பதிவாகவில்லை. முன்பணம் கொடுத்து விற்பனை ஒப்பந்தம் மட்டுமே போட்டிருந்தார்கள். விற்பனை ஒப்பந்தத்தால் வீட்டில் உரிமை வந்துவிடாது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் வரும். அதுவரை வாங்குபவர் நமக்கு வீட்டுக்காரர் அல்லர். அவர் தரும் நோட்டீஸும் நோட்டீஸ் அல்ல. அந்தக் கடிதத்துக்கு இரண்டே வரியில் பதில் எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். நகல் பழைய வீட்டுக்காரருக்கு. தொலைபேசியில் நான் "சரி" என்று சொன்னது ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சொன்னது என்றும், ஒப்பந்தப்படியே நடந்துகொள்வோம் என்றும் அதிலேயே எழுதினேன். அதை எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

கிரயம் பதிவான பிறகு மாடி வீட்டாருக்கு மறுபடியும் முறையான நோட்டீஸ் வந்தது. கடிதத்தில் போட்டிருந்த தேதி ஒன்று. அவர்கள் கைக்கு வந்தது பத்து நாள் கழித்து. காலி செய்யக் கொடுத்திருந்த கெடு, கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் எட்டே நாள். இந்தியச் சட்டத்தில் முன்னறிவிப்புக் காலம் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஆசிரியர் ஐயா, "அப்படியானால் நோட்டீஸ் செல்லாது, நாம் பேசாமல் இருந்துவிடலாம்" என்றார். பெரியவர் இல்லை என்று தலையசைத்தார். நாள் குறைவாகக் குறிப்பிட்டிருந்தாலும், உரிய காலம் கழிந்த பிறகு வழக்குப் போட்டால் அந்தக் குறை நோட்டீஸைக் கெடுக்காது என்று 2003-இல் திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள். தேதிப் பிழை நமக்குச் சில நாள் வாங்கித் தரும். வீட்டை வாங்கித் தராது. அதனால் உறையைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். தபால் முத்திரையில் இருக்கும் தேதிதான் பிறகு பேசும். நேரில் கொடுத்தால், பெற்றுக்கொண்ட தேதியைக் கையெழுத்தின் கீழே நீங்களே எழுதுங்கள்.

இதற்கிடையில் வீடு பார்க்க வருகிறவர்களின் தொல்லையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிரயம் பதிவாகும் முன் பல பேர் வந்து போனார்கள். தரகர் தெருமுனையில் நின்றுகொண்டே அழைப்பார்: "ஐந்து நிமிடம், பார்த்துவிட்டுப் போய்விடுவோம்." முன்பின் தெரியாதவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் மகளின் அறையைக் கைப்பேசியில் படம் எடுத்தார். அவள் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு வந்த கோபம் நியாயமான கோபம். வீட்டைக் காட்ட உரிமையாளருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் குடியிருக்கும் வரை அது நம் வீடு. வாரத்தில் இரண்டு நாள், மாலையில் ஒரு மணி நேரம், முந்தின நாளே செய்தி, எங்கள் பொருள்கள் தெரியும்படி படம் கூடாது என்று எழுதி அனுப்பினேன். அதன் பிறகு யாரும் மீறவில்லை. இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும்.

ஒரு நாள் தரகர் ஒரு படிவத்தோடு வந்தார். வாங்குபவருக்குக் கடன் தரும் வங்கி கேட்கிறதாம்: குடியிருப்பவர் யார், வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, காலம் எதுவரை. "ஒரு கையெழுத்துதான், அம்மா." முன்பணக் கட்டம் காலியாக இருந்தது. காலம் என்ற இடத்தில் "மாதாந்திரம்" என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் என் பதினான்கு மாதத்தை நானே அழித்திருப்பேன். இத்தகைய சான்று அமெரிக்காவில் மிகவும் பரவலான வழக்கம்; ஒரு முறை கையெழுத்திட்டால், அதை நம்பி வாங்கியவரிடம் பிறகு மாற்றிப் பேச முடியாது. நான் காலியிடத்தில் தொகையை நிரப்பி, "மாதாந்திரம்" என்பதை அடித்து ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியை எழுதி, அதன் பிறகே கையெழுத்திட்டு, நகல் எடுத்துக்கொண்டேன். தரகர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அடுத்த சிக்கல் வாடகை. கிரயம் பதிவானதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த மாத வாடகையை வழக்கம் போலப் பழைய வீட்டுக்காரர் கணக்கில் போட்டோம். பத்து நாள் கழித்து வாங்கியவர் அழைத்து, அதே மாத வாடகையைத் தன் கணக்கில் போடச் சொன்னார். நான் பதறிவிட்டேன். ஆனால் 109-ஆம் பிரிவே இதற்கு வழி சொல்கிறது: கைமாறியது தெரியாமல், தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லாமல், பழையவரிடம் கட்டிய வாடகையை மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. அதே போல, கைமாறும் முன்பிருந்த பாக்கி எதுவும் வாங்கியவருக்குச் சேராது. அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகும், கிரயப் பத்திரத்தின் நகலும், "இனி இவரிடம் வாடகை கட்டவும்" என்று பழைய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதமும் வந்த பிறகே புதிய கணக்கில் பணம் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் சொல்கிறார் என்பதற்காகப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது முன்பணம்தான். பழையவரைக் கேட்டால், "வீடே அவருடையது, அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்." வாங்கியவரைக் கேட்டால், "என்னிடம் அவர் ஒன்றும் தரவில்லையே." இருவர் சொன்னதும் பொய்யில்லை, நடுவில் எங்கள் பணம் மட்டும் இல்லை. ஜெர்மனியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது: முன்பணத்தைத் திருப்பித் தரும் கடமை வாங்கியவர் மேல் வந்துவிடுகிறது, அவரிடமிருந்து பெற முடியாமல் போனால் பழையவரும் பொறுப்பு. இந்தியச் சட்டத்தின் வாசகம் இதைக் குடியிருப்பவர் கையில் கொடுக்கிறது. விற்றுவிட்டார் என்பதாலேயே பழைய உரிமையாளரின் பொறுப்புகள் தீர்ந்துவிடுவதில்லை. வாங்கியவரே இனி எனக்குப் பொறுப்பு என்று குடியிருப்பவர் தேர்ந்துகொண்டால்தான் அவர் விடுபடுகிறார். இதைப் பெரியவர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். ஏனென்றால், "இனி எல்லாவற்றுக்கும் புதிய உரிமையாளரையே நாடுவேன்" என்ற ஒரு வாக்கியம் பழைய வீட்டுக்காரர் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. முன்பணம் புதியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுத்தில் வரும் வரை அந்தத் தாளில் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் மூவரும் கையெழுத்திட்ட தாள் வந்தது: தொகை இவ்வளவு, இன்ன தேதியில் மாற்றப்பட்டது, சாவி ஒப்படைக்கும் நாளில் புதியவர் திருப்பித் தருவார்.

பிறகு வாங்கியவரும் அவர் மனைவியும் வீட்டுக்கே வந்தார்கள். அவர்களும் வாடகை வீட்டில் இருந்தவர்கள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டைக் காலியாக ஒப்படைப்பதாக விற்றவர் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நம்பித் தங்கள் வீட்டுக்கு முன்னறிவிப்பும் கொடுத்துவிட்டார்கள். அந்த வாக்குறுதி விற்றவருக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ளது. அது எங்களைக் கட்டாது. அதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கியதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் சட்டம் இருந்தது. அதற்காகப் பதினான்கு மாதமும் அங்கேயே உட்கார்ந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. தேர்வு முடியும் வரை இருக்கிறோம் என்றேன். மீதிப் பத்து மாதத்தை நாங்களாக விட்டுக்கொடுப்பதால் கடைசி மாத வாடகை வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். சாமான் ஏற்றிச் செல்லும் செலவைப் பழைய வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். காலி வீடு என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தானே. எல்லாம் ஒரே தாளில், தேதியோடு. உரிமை கையில் இருப்பவர்தான் தாராளமாகப் பேச முடியும். தொலைபேசியில் சொன்ன அந்தச் "சரி"யோடு நின்றிருந்தால் இந்தப் பேச்சே நடந்திருக்காது.

கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் என் தங்கைக்கும் இதே அனுபவம் வந்திருக்கிறது. அங்கே வாங்குபவர் தான் குடியிருக்கத் தேவை என்றால், பழைய உரிமையாளர் மூலம் குறிப்பிட்ட படிவத்தில் அறுபது நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். ஒப்பந்தக் காலம் மிச்சமிருந்தால் அது முடியும் முன் வெளியேற்ற முடியாது. ஒரு மாத வாடகை இழப்பீடும் உண்டு. அவள் அதைக் கேட்டு வாங்கினாள். இங்கிலாந்தில் 2025-இல் இயற்றிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், விற்பதற்காக வீட்டைத் திரும்பக் கேட்பவர் நான்கு மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது; குடிவந்த முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தக் காரணத்தைப் பயன்படுத்தவே முடியாது. நாட்டுக்கு நாடு நாள் கணக்கு மாறுகிறது. நோட்டீஸ் தரும் உரிமை யாருக்கு, எந்தக் காரணத்துக்காக, எந்த நாளிலிருந்து எத்தனை நாள் என்ற கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. வங்கி ஏலத்தில் போகும் வீட்டுக்கு விதிகள் வேறு. அங்கே வீட்டின் மேல் அடமானம் முதலில் வந்ததா, உங்கள் ஒப்பந்தம் முதலில் வந்ததா என்பதும் கணக்கில் வரும். அப்படிப்பட்ட நோட்டீஸ் வந்தால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

மாடி வீட்டாருக்காகவும் நான் வாங்கியவரிடம் பேசினேன். ஆறு வாரம் கொடுத்தார்கள். ஆசிரியர் ஐயாவும் அந்த அம்மாவும் அதற்குள் ஒரு தரைத்தள வீடு பார்த்துப் போனார்கள். சாமான் ஏற்றும் நாளில் அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து, "இத்தனை வருடம் இருந்தோமே, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. விற்க முடிவெடுக்கும் வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். தரகரிடம் சொல்லும் முன் குடியிருப்பவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் சாவி ஒப்படைப்பு அமைதியாகவே நடந்தது. அறை அறையாகப் படம் எடுத்து, மின்கணக்கை முடித்து, முன்பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுத்தேன். சுவர் பூச்சுக்கு ஒரு தொகையைப் பிடிக்கலாமா என்று பேச்சு எழுந்தது. குடிவந்த நாளில் எடுத்த படங்களைக் காட்டியதும் நின்றுவிட்டது.

புதிய வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு பத்தி சேர்க்கக் கேட்டேன்: "இவ்வீடு விற்கப்பட்டால் இவ்வொப்பந்தம் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். விற்கும் எண்ணத்தை உரிமையாளர் எழுத்தில் முன்கூட்டியே தெரிவிப்பார். முன்பணம் வாங்குபவரிடம் எழுத்து மூலம் மாற்றப்படும் வரை உரிமையாளரே அதற்குப் பொறுப்பு." புதிய வீட்டுக்காரர் சற்று யோசித்தார். "நான் விற்கப் போவதில்லையே, அம்மா" என்றார். "அப்படியானால் எழுதுவதில் உங்களுக்கு நஷ்டம் இல்லையே, ஐயா" என்றேன். எழுதினார்.

அந்த வாரமே மாடி வீட்டு அம்மா அழைத்தார். அவர்கள் போன வீட்டின் ஒப்பந்தம் தட்டச்சாகி வந்திருக்கிறதாம். கையெழுத்துப் போடும் முன் நான் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்றார்.